நாத்தான் சொன்ன கதை

தென்னிந்தியாவில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுச் சலனப்படம் காட்டிய முன்னோடி ஒரு கிறிஸ்தவர். கோயம்புத்தூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905-இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். அவரிடம் இருந்த சுருள்களில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கையைச் சொன்ன படம். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையையும் கட்டினார். தமிழ்நாட்டுக்குள் சினிமா நுழைந்தபோது அதன் கூடவே கர்த்தருடைய கதையும் வந்தது.

இந்தச் செய்தி எங்கள் சபைகளில் யாருக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைப் பருவத்தில் சினிமாவுக்கு இருந்த ஒரே பெயர் ‘உலகம்’. திடப்படுத்தல் வகுப்பில் குடி, சீட்டு, சினிமா மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லித் தருவார்கள். கொட்டகை வாசலில் நின்றதை உபதேசியார் பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அடி விழும். இன்றைக்கு அதே சபையின் வாலிபர் ஐக்கியத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கொட்டகை இருக்கிறது. பிரசங்கம் நடக்கும்போதே அதைத் திறக்கவும் முடியும். வாசலில் காவல் நிற்க இனி வாசலே இல்லை.

ஆனாலும் பெரியவர்களுடைய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பீடித்தட்டில் உட்கார்ந்து சம்பாதித்த வாரக்கூலி ஒரே ராத்திரியில் டிக்கெட்டுக்கும் சாராயத்துக்கும் போனதைக் கண்ணால் பார்த்த பாட்டிகள் அவர்கள். மனிதனுடைய கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடப்பதைப் பார்த்தபோது, முதல் கற்பனையை மனப்பாடம் செய்தவர்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். இந்தப் பயம் தமிழ்ச் சபைக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. ஏறக்குறைய கி.பி. 200-இல் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், விசுவாசிகள் அரங்கக் காட்சிகளுக்குப் போகக் கூடாது என்று ஒரு நூலே எழுதினார். மனிதனை மனிதன் வெட்டிச் சாய்ப்பதும் அந்தக் காட்சிகளில் ஒன்று. அவர் கோபப்பட்டதில் நியாயம் உண்டு.

அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ரோமாபுரியில் கூட்டாளிகள் அவரை வாள்வீரர் சண்டைக்கு இழுத்துப் போனார்கள். உடம்புதான் இங்கே இருக்கும், மனம் இராது என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார் அலிப்பியுஸ். யாரோ ஒரு வீரன் விழுந்தான். அரங்கமே அலறியது. என்னவென்று பார்ப்பதற்காகத் திறந்த கண் பிறகு மூடவில்லை. அந்த ரத்தத்தில் மயங்கி, மற்றவர்களை அழைத்துக்கொண்டு மறுபடியும் போகிறவராகவே அவர் மாறிவிட்டார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: கண்ணை மூடத் தெரிந்தவனுக்குப் பார்க்கத் தெரிந்திருக்கவில்லை. பார்த்ததைச் சொல்லிப் பேச அவனுக்குப் பக்கத்தில் ஆளும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் அதுவே. பார்க்காதே என்று சொல்ல ஆள் உண்டு. பார்த்ததைப் பேச ஆள் இல்லை. அதனால் அவர்கள் தனியாகப் பார்க்கிறார்கள், தனியாகவே ஜீரணிக்கிறார்கள்.

கொஞ்சம் தாராள மனம் உள்ளவர்கள், முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு மீனைத் தின்னுங்கள் என்பார்கள். படத்தில் முள்ளும் சதையும் அப்படிப் பிரிந்து இருப்பதில்லை. ஒரு முத்தக் காட்சியைத் தாவிவிட்டு, ஏழையை ஏளனம் செய்கிற இரண்டரை மணி நேரத்தையும் நிம்மதியாகப் பார்த்து முடிக்கலாம். எங்கள் ஆட்களில் பலர் அதைத்தான் செய்கிறோம். திரையில் இருக்கும் பாவங்களை எண்ணுவதைக் கிறிஸ்தவப் பார்வை என்று நினைத்துக்கொள்கிறோம்.

வேதாகமம் கதையை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகக் கொடுத்தபின், நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கு வருகிறார். வந்தவர் கற்பனையை எடுத்து வாசிக்கவில்லை, ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுமாடு உள்ள பணக்காரன், விருந்தாளிக்குச் சமைக்க, ஏழை ஒருவன் பிள்ளைபோல வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டான். கேட்ட தாவீது கொதித்தான். அந்தப் பணக்காரன் சாக வேண்டியவன் என்று தீர்ப்பும் சொன்னான். அந்த ஆள் நீர்தான் என்று நாத்தான் காட்டிய பிறகுதான் ராஜாவுக்குத் தன் முகம் தெரிந்தது.

அந்த நேரத்தில் தாவீது அருமையான ரசிகன். கதையில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று சரியாகப் பிரித்துவிட்டான். அதில் தான் எங்கே இருக்கிறோம் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. கிறிஸ்தவப் பார்வையில் படம் பார்ப்பது என்று நான் சொல்வது அந்த இரண்டாவது படியை. படத்தை நாம் சோதிக்கிறோம், சரி. படம் நம்மைச் சோதிக்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

இயேசு சொன்ன உவமைகளும் நல்லவர்களை மட்டும் வைத்துப் பின்னியவை அல்ல. லூக்கா 16-இல் எஜமானின் கணக்கைத் திருத்தும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் வருகிறான். 18-இல் தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதியாத நியாயாதிபதி வருகிறான். கெட்ட குமாரன் கதையில் மூத்தவன் கடைசியில் விருந்துக்குள் போனானா, வெளியிலேயே நின்றானா என்று சொல்லப்படவே இல்லை. முடிவைக் கேட்கிறவனிடம் விட்டுவிட்டார். இந்தக் கதைகளை இன்று ஒருவர் படமாக எடுத்தால், நாயகன் மோசடிக்காரன், முடிவும் தெளிவாக இல்லை என்று நம்மில் சிலரே புகார் எழுதுவோம்.

ஊர் மக்களின் கதையைக் கேட்காமல் ஊர் மக்களோடு பேச முடியாது என்பதை நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவரே அறிந்திருந்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்து, படித்து, 1708-இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைத் தொகுத்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே ஹாலே நகரில் இருந்த பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. புறமதத்தை ஒழிக்கப் போனவர்கள் அந்தக் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கேட்டார். அந்த நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அது முடங்கிக் கிடந்தது. இன்றைய தமிழ் மக்கள் தங்கள் ஆசையையும் கோபத்தையும் எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் சினிமாவில்தான். அதைப் படிக்க மறுக்கிறவர் சீகன்பால்குவின் பக்கம் நிற்கவில்லை, ஹாலேக்காரரின் பக்கம் நிற்கிறார்.

சரி, எப்படிப் படிப்பது? வாலிபர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி மூன்று கேள்விகளில் வந்து நின்றிருக்கிறேன்.

முதல் கேள்வி: இந்தப் படம் யாரை இளப்பமாகப் பார்க்கச் சொல்கிறது? பழைய தமிழ்ப் படங்களில் கிளப்பில் ஆடுகிறவளுக்கு ரீட்டா, லில்லி என்றும், கடத்தல்காரனின் அடியாளுக்குப் பீட்டர் என்றும் பெயர் வைப்பார்கள். நமக்குக் கோபம் வரும். நியாயம்தான். ஆனால் அதே படத்தில் கறுத்த பெண்ணையும், திக்கிப் பேசுகிறவனையும், திருநங்கையையும் வைத்துச் செய்த கேலிக்கு நாமும்தானே சிரித்தோம்? நம் பெயரைத் தொட்டால் மட்டும் வருகிற கோபத்துக்குப் பரிசுத்தம் என்று பெயர் வைக்கக் கூடாது. எல்லா மனிதரும் தேவசாயல் என்று விசுவாசப்பிரமாணம்போல ஒப்பிக்கிறவர்கள், திரையில் மிதிபடுகிற சாயலைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: இந்தக் கதையில் செய்த செயலுக்கு விலை உண்டா? இப்போது வரும் படங்களில் நாயகன் நாற்பது பேரை வெட்டிவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்காருகிறான். விழுந்தவர்களுக்குத் தாய் இல்லை, பிள்ளை இல்லை, பெயர்கூட இல்லை. ஆபேலின் ரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்று ஆதியாகமத்தில் படித்தவர்கள் நாம். ரத்தத்தைக் காட்டுவதா கூடாதா என்பதைவிட, அந்த ரத்தம் கூப்பிடுகிறதா என்று கேட்பது பயனுள்ளது.

மூன்றாவது கேள்வி: கெட்டவன் திரும்பி வர இந்தப் படத்தில் வழி இருக்கிறதா? பீம்சிங் 1961-இல் எடுத்த ‘பாவ மன்னிப்பு’, மதம் மாறி வளரும் பிள்ளைகளின் கதை. இந்துவாகப் பிறந்தவன் முஸ்லிம் வீட்டில் ரஹீமாக வளர்கிறான். இன்னொரு குழந்தை கிறிஸ்தவர் வீட்டில் மேரியாக வளர்கிறது. அந்தப் படத்தில் பாவம் செய்தவனுக்கும் ஓர் இடம் இருக்கிறது. மணிரத்னத்தின் ‘கடல்’ (2013), மீனவர் ஊர் ஒன்றில் சாம் என்ற பாதிரியாருக்கும் பெர்க்மான்ஸ் என்பவனுக்கும் நடக்கும் போராட்டம். வசூலில் தோற்ற படம்தான். ஆனால் இரக்கமும் பழியுணர்ச்சியும் ஒரே மனிதனுக்குள் எப்படி மோதும் என்று வாலிபரோடு பேச, பல பிரசங்கங்களைவிட அது எனக்கு உதவியிருக்கிறது.

இந்தக் கேள்விகளோடு பார்த்தால் படம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் படிக்க வரும் தலித் மாணவன், அவனோடு பழகும் ஆதிக்கசாதிப் பெண், அவள் வீட்டார். சாதிக்காகக் கொலை செய்துவிட்டு அதை விபத்துபோலக் காட்டிப் போகும் ஒரு கிழவர். படத்தில் கிறிஸ்தவம் பேசப்படவே இல்லை. எங்கள் வாலிபர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கூடியபோது, முதலில் எல்லாரும் அந்தப் பெண்ணின் அப்பாவைத் திட்டினார்கள். தாவீதைப்போலவே தீர்ப்புச் சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை பேசாமல் இருந்த ஒரு பையன் கேட்டான்: “சார், நம்ம ஆளுக பொண்ணு பாக்கப் போனா, மொதல்ல வேதத்தையா கேக்காவ?” கூடம் அமைதியாகிவிட்டது. கல்யாணத் தரகர் எந்தச் சபை என்று கேட்பதற்கு முன்னால் என்ன கேட்பார் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அன்றைக்குப் பேச்சு எங்கள் திருநெல்வேலிச் சீமையின் பழைய கணக்குகளுக்குப் போனது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய சுவர் இருந்தது. 1910-இல் அதை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம்வரை போனார்கள். அது கத்தோலிக்கர் கதை என்று நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. சீர்திருத்தச் சபைகளின் கல்லறைத் தோட்டங்களுக்கும் கமிட்டித் தேர்தல்களுக்கும் இதே வியாதி உண்டு. இன்னொரு பக்கம் எங்களுக்கு அசனமும் உண்டு. ஊரே ஒரே பந்தியில், ஒரே அண்டாச் சோற்றை, யார் பக்கத்தில் யார் என்று பாராமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பண்டிகை. ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கடைசியில் மேஜைமேல் இரண்டு தேநீர்க் கிளாஸ்கள், ஒன்று பால் சேர்த்தது, ஒன்று கறுப்பு, நடுவில் ஒரு பூ. அதையும் நம் அசனப் பந்தியையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிந்தது. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொண்டு, திருமணத்தில் பந்தியைப் பிரிக்கிறவர்கள் யார் என்று கேட்க முடிந்தது. இதற்கு மேல் கிறிஸ்தவமான உரையாடல் எது?

நம்முடைய படங்களுக்கும் இதே அளவுகோல்தான். கிறிஸ்தவப் படம் என்றால் கேள்வி கேட்காமல் கைதட்டுவது எங்கள் பழக்கம். ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1981) எனக்குப் பிடித்த படம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தை விட்ட எரிக் லிடலின் கதை. கப்பல் ஏறும் நேரத்தில்தான் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை வருவது அவருக்குத் தெரிந்ததாகப் படம் காட்டும். நிஜத்தில் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்து, 400 மீட்டருக்குத் தயாராகி, 47.6 வினாடியில் தங்கம் வென்றார். பிரசங்க பீடத்தில் கப்பல் காட்சியையே சரித்திரமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாட்சி சொல்கிறவன் உண்மைக்கும் கடமைப்பட்டவன். ஒரு நொடித் துணிச்சலைவிட, மாதக்கணக்கில் அசையாமல் நின்ற மனம் பெரியது அல்லவா?

மெல் கிப்சனின் ‘த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்’ (2004) வந்தபோது, சண்டைப் படம் பார்க்காதே என்று கண்டித்த பெற்றோரே சின்னப் பிள்ளைகளை அதற்கு அழைத்துப் போனார்கள். எல்லாரும் அழுதார்கள். அழுதது நல்லதுதான். ஆனால் நாடக மேடையில் கற்பனைத் துக்கத்துக்கு உருகிய தம் இளமைக்கால அழுகையையே அகுஸ்தினார் சந்தேகத்தோடு பார்க்கிறார். அந்தக் கண்ணீர் பக்கத்து வீட்டில் அடிபடுகிறவளுக்காகக் கதவைத் தட்ட வைத்ததா என்று நாமும் கேட்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘மத்தேயு எழுதிய சுவிசேஷம்’ என்ற இத்தாலியப் படத்தை 1964-இல் எடுத்த பசோலினி ஒரு மார்க்சியர், விசுவாசி அல்லாதவர். சுவிசேஷத்தின் வசனங்களையே உரையாடலாக வைத்து, தொழில்முறை நடிகர்களை விட்டுவிட்டுச் சாதாரண மக்களை நடிக்க வைத்தார். வயதான மரியாளாக நடித்தவர் அவருடைய தாயார். சினிமா பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கான் திரைவிழாவில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் சேர்ந்து அமைத்த நடுவர் குழு 1974-இல் தன் முதல் பரிசைக் கொடுத்தது எந்தப் படத்துக்குத் தெரியுமா? பாஸ்பிண்டரின் ‘அலி’ என்ற ஜெர்மன் படத்துக்கு. தரை துடைத்துப் பிழைக்கும் வயதான விதவையும் மொராக்கோவிலிருந்து வந்த தொழிலாளியும் கல்யாணம் செய்துகொள்ள, ஊரே அவர்களை ஒதுக்குகிற கதை. அந்நியனை எப்படி நடத்துகிறோம் என்று கேட்ட படம் என்பதால் சபைகளின் பரிசு அதற்குக் கிடைத்தது பொருத்தம்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களோடு நான் பார்க்க விரும்பும் படம் ஒன்று உண்டு. ‘பாபெட்டின் விருந்து’, 1987-இல் வந்த டேனிஷ் படம், ஆஸ்கர் பெற்றது. டென்மார்க்கின் கடலோரக் கிராமம். காலஞ்சென்ற போதகரின் இரண்டு மகள்கள், மார்ட்டின் லூத்தரையும் பிலிப் மெலாங்டனையும் நினைத்துப் பெயரிடப்பட்டவர்கள், மணம் செய்யாமல் சபையைக் கவனிக்கிறார்கள். காய்ந்த மீன், ரொட்டிக் கஞ்சி, ஜெபம். சபையாருக்குள் பழைய சண்டைகள். பாரிஸிலிருந்து அகதியாக வந்து அவர்களுக்குச் சமைத்துப் போடும் பாபெட்டுக்கு லாட்டரியில் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு, அத்தனை பணத்தையும் செலவழித்து ஒரே ஒரு விருந்து வைக்கிறாள். ருசி பாவத்துக்கு வழி என்று பயந்த சபையார், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு பந்தியில் உட்காருகிறார்கள். சாப்பிடச் சாப்பிட முகங்கள் இளகுகின்றன. பல வருஷம் பேசாதவர்கள் பேசுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள்.

தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பியவர் டென்மார்க் அரசர். அவர்கள் கொண்டுவந்த பக்தி வைராக்கியமும் அந்தக் கிராமத்தாருடைய பக்தியும் ஒரே வம்சம். அதனால்தான் அந்தச் சபையாரைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் ஊர்ப் பெஞ்சுகள் தெரிகின்றன. எதை எதையெல்லாம் விலக்கினோம் என்ற கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெஞ்சுக்காரரோடு பேச்சை நிறுத்தியவர்கள் நாமும்தான். போப் பிரான்சிஸ் 2016-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில் இந்தப் படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார், அடுத்தவருக்கு மகிழ்ச்சி தருவதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். எல்லாப் படமும் எல்லாருக்கும் ஆகாது. தணிக்கைச் சான்றிதழில் இப்போது 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டில் அதை மதிக்க வேண்டியது பெற்றோர் பொறுப்பு. குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட சகோதரனுக்குச் சாராயக்கடைப் பாட்டு இடறலாக இருக்கலாம். அவனைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது சுயாதீனம் ஆகாது. ரோமர் 14-இல் பவுல் சொன்னது அதைத்தான். லெந்து நாட்களில் அலைபேசித் திரைக்கும் உபவாசம் போடலாம், அதுவும் நல்ல பழக்கம். சபையில் படத்தைப் பேசக் கூடும்போது போதகரான ஐயரவர்கள் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்களுக்கு ஆமென் சொல்வதைத் தவிர வேலை இராது. பார்க்காத படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள், மூப்பராக இருந்தாலும் சரி.

பெற்றோருக்கும் மூப்பர்களுக்கும் நான் சொல்வது ஒன்றே. உங்கள் பிள்ளை ஒரு படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது நல்ல படமா கெட்ட படமா என்ற தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதில் யாருக்காக நீ வருத்தப்பட்டாய், யாரைப்போல இருக்க ஆசைப்பட்டாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். பிறகு அதே கேள்விக்கு உங்கள் பதிலையும் அவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள்.